1,033 வேட்பாளர்கள், புத்தகமான ஓட்டுச்சீட்டு! மொடக்குறிச்சி போட்ட சத்தம் யாருக்குக் கேட்டது?

ஈரோடு:

ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1996 சட்டசபைத் தேர்தலில் ஓட்டுப் போட்ட பெரியவர்களிடம் அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பூத்துக்குள் போனவர்கள் கையில் கொடுத்தது சீட்டு அல்ல, புத்தகம்!

மொத்தம் 1,033 வேட்பாளர்கள். இந்தியாவில் ஒரு தொகுதியில் இத்தனை பேர் நின்றது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஒரே தாளில் இத்தனை பேரையும் அச்சடிக்க முடியாமல் ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகத் தைத்தார்கள். உதயசூரியன் எந்தப் பக்கம், இரட்டை இலை எந்தப் பக்கம் என்று புரட்டித் தேடி முத்திரை குத்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். இந்தக் கூத்தால் தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. மற்ற தொகுதிகளில் ஓட்டு எண்ணி, மே 13-ந்தேதி கருணாநிதி முதலமைச்சராகப் பதவி ஏற்ற பிறகுதான் மொடக்குறிச்சிக்காரர்கள் ஓட்டே போட்டார்கள்.

இத்தனை பேர் நின்றது விளம்பரத்துக்காகவா? இல்லை. நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் விவசாயிகள். மஞ்சளும் கரும்பும் தென்னையும் விளைகிற பூமி அது. "எங்க கஷ்டத்தை எந்தக் கட்சியும் காதுல போட்டுக்கல. அப்ப நாங்களே நிக்கறோம்" என்பதுதான் விவசாய சங்கத்தின் கணக்கு. ஒருத்தர் நின்றால் சுயேச்சை என்று தள்ளிவிடுவார்கள். ஆயிரம் பேர் நின்றால் டெல்லி வரைக்கும் திரும்பிப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

டெல்லி திரும்பிப் பார்த்தது. ஆனால் பார்த்துவிட்டு என்ன செய்தது என்பதுதான் விஷயம்.

ஜனங்க மனசில் இருப்பது எப்படி ஊர்ப் பேச்சாகிறது, அது எப்போது ஆட்சியை ஆட்டுகிறது, எப்போது வெறும் சத்தமாகக் கரைந்து போகிறது? இதைப் புரிந்துகொள்ள நம்ம கொங்கு மண்டலத்தை விட நல்ல பாடம் கிடைக்காது.

ஒரு பைசாவில் ஆரம்பித்த கதை

மொடக்குறிச்சிக்கு 26 வருஷம் முன்னால் போக வேண்டும். அப்போது கோவை, திருப்பூர், அவினாசி பக்கம் விவசாயம் என்றால் கிணறுதான். கிணறு என்றால் மோட்டார். மோட்டார் என்றால் கரண்ட் பில். ஆற்றுப் பாசனக்காரருக்கு மழை பொய்த்தால் கவலை. கிணற்றுப் பாசனக்காரருக்கு மழை பொய்த்தாலும் கவலை, பில் வந்தாலும் கவலை.

1970-ல் விவசாய மின் கட்டணம் உயர்ந்தது. "யூனிட்டுக்கு ஒரு பைசா பிரச்சினை" என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். ஒரு பைசாவுக்குப் போய் போராட்டமா என்று பட்டணத்தில் கேட்டிருப்பார்கள். ராத்திரி பகலாக மோட்டார் ஓட்டுகிற தோட்டத்துக்காரருக்குத்தான் அந்த ஒரு பைசா மாசக் கடைசியில் எத்தனை ரூபாயாகத் திரும்பி வரும் என்று தெரியும். 1970 ஜூன் 19-ந்தேதி பெருமாநல்லூரில் திரண்ட விவசாயிகள் மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். 3 விவசாயிகள் பலியானார்கள். ஆண்டுதோறும் ஜூன் 19-ல் அங்கே நினைவஞ்சலி நடக்கிறது.

அதற்கப்புறம் வந்ததுதான் 1972 மாட்டு வண்டிப் போராட்டம். கோவை வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவை நகரத்துக்குள் வந்து நின்றன. ரோடு அடைத்துப் போனது. பஸ் ஓடவில்லை. நகரமே ஸ்தம்பித்தது. 

மாட்டு வண்டியில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். இங்கேதான் சூட்சுமம். அது வரைக்கும் தோட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் புலம்பிக்கொண்டிருந்தார்கள். "நமக்குத்தான் கட்டுபடி ஆகல போல" என்று நினைத்திருப்பார்கள். அவினாசி ரோட்டில் முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு இருக்குமா? அரசாங்கத்துக்கு மட்டும் அது காட்சி இல்லை. விவசாயிகளே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்ட காட்சி அது.

ஜெர்மனியில் எலிசபெத் நோயல்-நாய்மன் என்று ஒரு பெண் ஆராய்ச்சியாளர் இருந்தார். 1970-களில் அவர் இதைப் பற்றி எழுதினார். தன் கருத்து சிறுபான்மை என்று நினைக்கிற ஆள் வாயை மூடிக்கொள்வார். அவர் மூடிக்கொள்வதைப் பார்த்து அடுத்தவரும் மூடிக்கொள்வார். கடைசியில் பத்துப் பேரில் ஏழு பேர் மனசில் இருப்பது வெளியே தெரியாமலே போய்விடும். யாராவது ஒருத்தர் உடைத்துப் பேசிவிட்டால், அப்புறம் எல்லோரும் பேசுவார்கள். ஜெர்மனிக்காரர் சொன்னதை நம்ம ஊரில் மாடு கட்டிக் காட்டினார்கள்.

பேக்கரி பேச்சு

சரி, பேச்சு எங்கே பிறக்கிறது? மற்ற ஊரில் டீக்கடை என்பார்கள். கோவையில் பேக்கரி. காலையில் பால் சொசைட்டி வரிசை, பகலில் தறிக்குடோன், சாயங்காலம் பேக்கரி வாசல், ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம். ஒரே ஆள் ஒரு வாரத்தில் இந்த நாலு இடத்துக்கும் போய் வருவார். பால் சொசைட்டியில் கேட்டதைத் தறிக்குடோனில் சொல்வார். "ஏனுங்க, உங்களுக்கும் பில்லு இத்தனை வந்துச்சா?" என்று ஆரம்பிக்கும். "எங்க பக்கமும் அதே கதைதானுங்க" என்று பதில் வந்ததும் பேச்சுக்கு உயிர் வந்துவிடும்.

இதில் கட்சி கிடையாது என்பதை கவனியுங்கள். பில், விலை, தண்ணி, கூலி என்றுதான் பேச்சு ஓடும். கட்சிக்காரர் பிற்பாடுதான் வருவார். ஏற்கெனவே கொதிக்கிற பானைக்கு யார் மூடி போடுவது, யார் திறந்து விடுவது என்பதுதான் அவர் வேலை. டி.வி.யும் செய்தித்தாளும் வாட்ஸ் அப்பும் பேச்சை வேகமாகக் கொண்டு போகும். ஆனால் கைக்காசில் இடி விழாத விஷயத்தை எத்தனை நாள் காட்டினாலும் பேக்கரியில் அது இரண்டு நாள் தாங்காது. இது நம் அனுபவம்.

எல்லா விஷயத்திலும் ஊர் ஒரே பக்கம் நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடுகிற விவகாரத்தைப் பாருங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்றால் கான்கிரீட் வேண்டும் என்று ஒரு தரப்பு விவசாயிகள். கசிவு நின்று போனால் எங்கள் கிணறு வற்றிப் போகும், மரமெல்லாம் போய்விடும் என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் விவசாயி, இரண்டு பேரும் அதே வாய்க்காலை நம்பி இருப்பவர்கள். இரண்டு தரப்புமே போராடினார்கள். இந்த மாதிரி நேரத்தில் 'மக்கள் கருத்து' என்று யாராவது மேடையில் பேசினால், எந்த மக்கள் என்று கேட்பதுதான் நியாயம்.

6 வருஷம் ஆளாளுக்குக் கொடுத்த கரண்ட்

கரண்ட் விஷயத்தில் அப்படிப் பிளவு இல்லை. அதனால்தான் அது பலித்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. நாராயணசாமி நாயுடு அதே வருஷம் டிசம்பரில் இறந்து போனார். 1990-ல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று அறிவித்தது. ஒரு கட்சி பாதி கொடுத்தது, இன்னொரு கட்சி மீதியைக் கொடுத்தது. விவசாயிகளின் சொந்தக் கட்சி ஆட்சிக்கு வரவே இல்லை. நாயுடு 1982-ல் கட்சி ஆரம்பித்துப் பார்த்தார், அது எடுபடவில்லை. ஆனால் அவர் கேட்டதை அவரை எதிர்த்து நின்ற கட்சிகளே கொடுக்க வேண்டி வந்தது.

கொடுத்ததை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2003-ல் ஜெயலலிதா அரசு, நிதி நெருக்கடி என்று சொல்லி விவசாயிகளின் இலவச மின்சாரத்தை நிறுத்தியது. அடுத்த வருஷமே பாராளுமன்றத் தேர்தல். 2004 மே 13-ல் ஓட்டு எண்ணினார்கள். தமிழ்நாட்டில் 39 தொகுதி, புதுச்சேரி 1, ஆக 40-ம் தி.மு.க. கூட்டணிக்கு! அ.தி.மு.க.வுக்கு ஒன்று கூட இல்லை. முடிவு வந்து ஒரு வாரம் ஆகவில்லை, இலவச மின்சாரம் திரும்ப வந்துவிட்டது. அதோடு மக்களைக் கடுப்பேற்றிய வேறு பல உத்தரவுகளையும் அரசு வாபஸ் வாங்கியது.

தோற்றதற்குக் கரண்ட் மட்டும் காரணமா? இல்லை. கூட்டணிக் கணக்கு, அரசு ஊழியர்கள் கோபம் என்று பலதும் சேர்ந்தது. ஆனால் தோற்ற கட்சி எதை முதலில் சரி செய்கிறது என்று பார்த்தால், எது வலித்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பது புரிந்துவிடும். ஒரு வருஷமாக மனு கொடுத்தார்கள், ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நகராத ஃபைல், ஓட்டு எண்ணிய பிறகு 5 நாளில் நகர்ந்தது.

2011-ல் பாதிப்பு தோட்டத்தில் இருந்து தறிக்கு வந்தது. 2008 முதல் மின்வெட்டு. விசைத்தறி, பவுண்டரி, மோட்டார் பம்ப் செட் பட்டறை என்று கரண்டை நம்பிப் பிழைப்பவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? தறி நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் வாரச் சீட்டு நிற்கும், மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறும். 2011 சட்டசபைத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின. (ஆட்சி மாறியும் மின்வெட்டு உடனே தீரவில்லை. 2012-ல் இன்னும் மோசமானது என்பதை ஊர் மறந்திருக்காது.)

மொடக்குறிச்சிக்கு என்ன கிடைத்தது?

இப்போது திரும்ப அந்தப் புத்தகத்துக்கு வருவோம். இலவச மின்சாரத்தில் பலித்த விவசாயி குரல், மொடக்குறிச்சியில் என்ன ஆனது?

ஓட்டு எண்ணிக்கையில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வாங்கி ஜெயித்தார். அ.தி.மு.க. இரண்டாம் இடம். ஆயிரம் சுயேச்சைகளுக்கும் டெபாசிட் காலி. அதிலும் 88 பேருக்கு ஒரு ஓட்டுக் கூட இல்லை. பூஜ்யம்!

"அவன் ஓட்டையே அவன் போட்டுக்கலையா?" என்று கேட்டு அப்போது ஊரே சிரித்தது. சிரிப்பதற்கு முன்னால் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டசபைத் தேர்தலில் நிற்பவர் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த மாநிலத்தில் எந்தத் தொகுதியில் பெயர் இருந்தாலும் போதும். பக்கத்துத் தொகுதிக்காரர் இங்கே மனு போட்டால் அவர் ஓட்டு அவருக்கே விழாது. இன்னொன்று, நின்றவர்களே ஜெயிக்க நிற்கவில்லை. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க அடித்த அலையில், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ஆட்சியை மாற்ற வேண்டும் என்று நினைத்தவர் ஓட்டை சுயேச்சைக்குப் போட்டு வீணாக்குவாரா? எதிர்ப்பைக் காட்டப் பெயரைக் கொடுத்தவரே, ஓட்டை மட்டும் வேறு கணக்குப் போட்டுக் குத்தியிருக்கலாம்.

அதே வருஷம் ஆந்திராவில் நல்கொண்டா பாராளுமன்றத் தொகுதியிலும் இதே கதை. குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பு வளைந்து போகிறது என்று சொல்லி 480 பேர் நின்றார்கள்.

டெல்லி என்ன செய்தது? சட்டத்தைத் திருத்தியது. 1996 ஆகஸ்ட் 1 முதல் சட்டசபை டெபாசிட் 250 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. பாராளுமன்றத்துக்கு 500-ல் இருந்து 10,000. சுயேச்சைக்கு முன்மொழிய 10 பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதுவரை எல்லா வேட்பாளர் பெயரும் கலந்து அகர வரிசையில் இருந்தது. இனி அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரர் முதலில், சுயேச்சை கடைசியில். இந்தத் திருத்தத்துக்கு மொடக்குறிச்சி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. தேர்தல் சீர்திருத்தப் பேச்சு அதற்குப் பல வருஷம் முன்பே இருந்தது. ஆனால் புத்தக ஓட்டுச்சீட்டைப் பார்த்த பிறகு யாரும் தயங்கவில்லை.

பலன் உடனே தெரிந்தது. 1996 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க 13,952 வேட்பாளர்கள். 1998-ல் 4,750. மூன்றில் ஒரு பங்குதான்!

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். 1,033 பேருக்கு ஆளுக்கு 250 என்றால் மொத்தம் இரண்டரை லட்சம் சொச்சம். அதையே 5,000 ஆக்கினால் 51 லட்சத்துக்கு மேல். 2010-ல் சட்டசபை டெபாசிட் 10,000 ஆனது. அந்தக் கணக்கில் 1 கோடியைத் தாண்டும். எந்த விவசாய சங்கத்தால் ஒரு கோடி ரூபாயைக் கட்டி விட முடியும்? "எங்க குரலைக் கேளுங்க" என்று வந்தவர்களுக்கு, கேட் கட்டணத்தை ஏற்றியதுதான் கிடைத்த பதில். தேர்தலை நடத்துகிற அதிகாரி பக்கம் நின்று பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. மனு போட்டவர் பக்கம் நின்று பார்த்தால் கசக்கத்தான் செய்யும்.

நிஜாமாபாத்தில் பலித்தது எப்படி?

சரி, ஆயிரம் பேர் நிற்கிற வித்தை எங்கேயும் பலிக்காதா? பலித்திருக்கிறது. அதுவும் மஞ்சளால்!

தெலுங்கானாவில் நிஜாமாபாத். ஈரோட்டைப் போலவே மஞ்சள் ஊர். 2019 பாராளுமன்றத் தேர்தலில் அங்கே 185 பேர் நின்றார்கள். முக்கால்வாசிக்கு மேல் விவசாயிகள். மஞ்சளுக்கு வாரியம் வேண்டும், கட்டுபடியான விலை வேண்டும் என்பது கோரிக்கை. டெபாசிட் ஆளுக்கு 25,000 ரூபாய். வசூல் செய்து கட்டினார்கள். ஓட்டு மெஷினில் ஒரு பெட்டிக்கு 16 பட்டன்தான். அதனால் ஒரு பூத்துக்கு 12 பெட்டியை வரிசையாக அடுக்க வேண்டி வந்தது. மொடக்குறிச்சி புத்தகத்தின் மெஷின் காலத்துப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நின்ற விவசாயி ஒருத்தரும் ஜெயிக்கவில்லை. ஆனால் அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா, சிட்டிங் எம்.பி., சுமார் 70 ஆயிரம் ஓட்டில் தோற்றார். ஜெயித்தது பா.ஜ.க.வின் அரவிந்த். அவர் செய்த காரியம் ஒன்றுதான். மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்திரத்தில் சொன்னபடி உடனே வரவில்லை. விவசாயிகள் விடாமல் அந்தப் பத்திரத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023 அக்டோபரில், தெலுங்கானா சட்டசபைத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், தேசிய மஞ்சள் வாரியத்தைப் பிரதமர் மோடி அறிவித்தார். 2025 ஜனவரி 14-ல் நிஜாமாபாத்தில் தொடங்கி வைத்தார்கள்.

மொடக்குறிச்சிக்கும் நிஜாமாபாத்துக்கும் என்ன வித்தியாசம்? மொடக்குறிச்சியில் கோரிக்கை பல. நிஜாமாபாத்தில் இரண்டே இரண்டு, வாய்க்கு எளிதாக வருகிற மாதிரி. மொடக்குறிச்சியில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அலையில் வந்தவர் எப்படியும் ஜெயித்தார். நிஜாமாபாத்தில் ஒரு பெரிய தலை உருண்டது. தலை உருண்டால் எல்லாக் கட்சியும் கணக்குப் பார்க்கும். வாரியம் கிடைத்த இடம் நிஜாமாபாத். 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள் ஊரான ஈரோட்டுக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தால் தப்பில்லை.

நம்ம ஊரிலும் எண்ணிக்கை பேசிய கதை உண்டு. 2009-ல் கொங்குநாடு முன்னேற்றக் கழகம் பாராளுமன்றத் தேர்தலில் தனியாக நின்றது. ஒரு தொகுதியும் கிடைக்கவில்லை. ஆனால் கோவை உள்பட சில தொகுதிகளில் லட்சம் ஓட்டைத் தாண்டியது. அடுத்த 2011 தேர்தலில் தி.மு.க. கூப்பிட்டு 7 சீட் கொடுத்தது. ஏழும் தோற்றது வேறு விஷயம். ஆயிரம் பேர் நின்றபோது கிடைக்காத கவனிப்பு, நாலைந்து பேர் வாங்கிய ஓட்டுக்குக் கிடைத்தது.

அத்திக்கடவு: யாருக்கு நன்றி?

இத்தனைக்கும் பொறுமையாகக் கேட்டே வாங்கிய திட்டமும் ஒன்று இருக்கிறது. அவினாசி-அத்திக்கடவு. 60 வருஷத்துக்கு மேலான கோரிக்கை. தேர்தல் வந்தால் அறிக்கையில் வரும், தேர்தல் போனால் போய்விடும். அப்பா காலத்தில் கேட்டதைப் பேரன் காலத்திலும் கேட்டார்கள். 2016 சட்டசபைத் தேர்தலுக்கு முன்னால் அவினாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019-ல் முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகிறார்கள்.

திறந்ததும் 'எங்கள் திட்டம்' என்று இரண்டு கட்சியும் மல்லுக்கட்டின. 2025 பிப்ரவரியில் அன்னூர் அருகே விவசாயிகள் எடப்பாடிக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படம் இல்லை என்று செங்கோட்டையன் அந்த விழாவுக்குப் போகவில்லை. குளத்துக்குத் தண்ணீர் வந்த விழா, கட்சிக்குள் புகைச்சல் கிளப்பிய விழாவானது! அடிக்கல் நாட்டியவரும் திறந்தவரும் பெயர் கேட்கிறார்கள். இடையில் நூற்றுக்கணக்கான கூட்டம் போட்ட விவசாயிகள் பெயரைக் கேட்க ஆளில்லை.

ஓட்டை வாங்கினால் மனசு மாறுமா?

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருத்தர் கேட்கலாம். "அதெல்லாம் சரிங்க, கடைசி நாள் கவர் வந்தா எல்லாம் மாறிப்போயிருதுங்களே?"

நியாயமான கேள்விதான். 2016-ல் கரூர் மாவட்டம் அரவக்குறிச்சியில் பண விநியோகப் புகாரால் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். வாக்காளர்களைக் கொட்டகையில் பட்டி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அ.தி.மு.க. புகார் கிளப்பியது. ஆளுங்கட்சி மறுத்தது.

இடைத்தேர்தலில் இது செல்லுபடி ஆகலாம். ஆட்சி மாறப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பொதுத்தேர்தலில் இரண்டு பக்கமும் கவர் வந்தால் இரண்டும் கழிந்துபோகும். அப்புறம் மிச்சம் இருப்பது கரண்ட் பில்லும் கேஸ் விலையும்தான். 2004-ல் 40-ம் போன கட்சி ஆளுங்கட்சி என்பதை மறக்க வேண்டாம்.

யாருக்கும் பிடிக்கவில்லை என்றால் ஆயிரம் பேர் மனுப் போட வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. 2013 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டு 'நோட்டா' பட்டன் வந்தது. தமிழ்நாட்டில் அதை முதலில் அமுக்கியது சேலம் மாவட்டம் ஏற்காடு தொகுதிக்காரர்கள், அதே வருஷம் டிசம்பர் இடைத்தேர்தலில். ஆனால் நோட்டா எத்தனை வாங்கினாலும் அதற்கு அடுத்தபடியாக அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளரே ஜெயித்தவர். எதிர்ப்பைப் பதிவு செய்யலாம், யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கடைசியாக மொடக்குறிச்சிக்கே வருவோம். 1996-ல் புத்தகத்தில் ஜெயித்த சுப்புலட்சுமி ஜெகதீசன், 2004-ல் திருச்செங்கோடு பாராளுமன்றத் தொகுதியில் எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து மத்திய மந்திரி ஆனார். 2021-ல் அதே மொடக்குறிச்சியில் மறுபடி நின்றார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது. ஆனால் மொடக்குறிச்சியில் ஜெயித்தவர் பா.ஜ.க.வின் டாக்டர் சரஸ்வதி. வித்தியாசம் 281 ஓட்டு. ஈரோட்டுப் பக்கம் ஒரு நடுத்தரக் கல்யாணத்தில் ஒரு பந்தியில் உட்காருகிற கூட்டம்தான்.